பப் – சொல் விளக்கம்

பப்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது பெரிய ஓட்டல்ல இருட்டுக்குள்ள லைட்டு சுத்திட்டு இருக்கற டான்ஸ் ஹால்தான், ஆனா சொல்லு பொறந்த இங்கிலாந்துல அதுக்கு அர்த்தமே வேற. பப்ளிக் ஹவுஸ்ங்கறது 19ஆம் நூற்றாண்டுல சுருங்கி பப் ஆச்சு. பப்ளிக் லத்தீன்ல இருந்து வந்தது, மக்களுக்கு உரியதுனு பொருள். ஹவுஸ் பழைய ஆங்கிலச் சொல்லு, வீடு. யார் வேணா நுழையற வீடு, அவ்ளோதான்.

இந்த வீடுங்கற பகுதி எவ்ளோ முக்கியம்னு யார்க்‌ஷயர்ல டான் ஹில் இன்னுக்குப் போனப்பதான் எனக்கு உறைச்சுது. கடல்மட்டத்துக்கு மேல 528 மீட்டர், பிரிட்டன்லயே உயரத்துல இருக்கற பப் இதுதான், சுத்தி கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்லு, ஹெதர் புதர், ஆடு, காத்து ஆளையே தள்ளுது. 17ஆம் நூற்றாண்டுலயே இங்க வந்துருச்சு, முன்னெல்லாம் பக்கத்துல நிலக்கரி தோண்டினவங்க வந்து உக்காந்த எடம், இப்ப பென்னைன் வேங்கற நெடுந்தூர நடைபாதையில நடக்கறவங்க சேத்து பூட்ஸோட உள்ள வந்து நெருப்பு கிட்ட கைய காய வைக்கறாங்க. 2021 நவம்பர்ல அர்வென் புயலடிச்சு பனி ரோட்டை மூடிட்டப்போ 60 பேர் வரைக்கும் மூணு ராத்திரி இங்கயேதான் சாப்ட்டு தூங்கி எழுந்தாங்க. கடைனா ஷட்டரை இறக்கிடுவாங்க, வீடுனாதான் பாய் போடுவாங்க.

டான் ஹில்ங்கற பேருக்குப் பின்னாடி வர்ற இன் (inn) வழிப்போக்கர் தங்கற எடத்துக்கான பழைய சொல்லு, உள்ளேனு பொருள் தர்ற இன்னுக்கு (in) உறவுச் சொல்லு. அதுக்குத் தமிழ்ல சத்திரம், விடுதி இருக்கு, பிரச்சனை இல்ல. அந்த பப்பை சுத்தி இருக்கற மாதிரி நிலத்தை ஆங்கிலத்துல மூர்ம்பாங்க, அதை சிலர் சதுப்புனு எழுதறாங்க, அது பாதிதான் சரி, செடி மக்கி உண்டான அங்கத்த பீட் மண்ணு ஈரமா இருக்கும்ங்கறது உண்மை, ஆனா முக்கியமா அது பயிர் வைக்காத உயரமான வெட்டவெளி. உழாம கிடக்கற நிலத்துக்கு நம்மகிட்ட கரம்புனு சொல்லு இருக்கே, மேட்டுக்கரம்புனு சொன்னா படம் அப்படியே கண்ணுல வந்துரும்.

சரி, பப்புக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? மதுக்கடைனா வாங்கிட்டு கிளம்பற எடம், மதுக்கூடம், அருந்தகம் எல்லாம் பாருக்கு சரி, ஆனா எதுலயும் வீடும் இல்ல, ஊரும் இல்ல. இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துல மீனும் இறைச்சியும் பொரிக்கற சத்தம் கேக்கற முற்றம் வருது, மணல் பரப்பி பூ தூவியிருக்கு, அந்த கள்ளு விக்கற வீட்டை உருத்திரங்கண்ணனார் எப்படி சொல்றார்னா ‘பலர்புகு மனை’. பப்ளிக் ஹவுஸை வார்த்தைக்கு வார்த்தை மாத்தினாக்கூட இதைவிட நல்லா வராது! வாசல்ல ‘நறவு நொடைக் கொடி’யும் பறக்குது, நறவுனா கள், நொடைனா விலை. அங்க இங்கிலாந்துலயும் படிக்கத் தெரியாத சனத்துக்காக கம்புல தழைக்கொத்து கட்டி வச்சாங்க, பின்னாடி படம் வரைஞ்ச பலகையைத் தொங்க விட்டாங்க, ரெண்டும் ஒரே வேலைதான்.

பொதுமனைனு சிலர் சொல்லலாம், எனக்கு வேணாம், விலைமகளிரை பொதுமகளிர்னு சொன்ன பழைய வழக்கால அது வேற எடத்தை ஞாபகப்படுத்தும். பலர்புகுமனைனே எழுதலாம். நீளமா இருக்குனா பேச்சுல பலர்மனை போதும், பப்ளிக் ஹவுஸே பப்னு சுருங்கினதுதானே.