அபெர்டீன் – பெர்கன்: தூரம் மாறாது, நேரம் மாறும்

ஸ்காட்லாந்தின் அபெர்டீனும் நார்வேயின் பெர்கனும் வடகடலின் எதிரெதிர் கரைகளில் இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் கடல் நடுவே உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டர்கள் போய்வரும். இரண்டுக்கும் இடையே வான்வழி தூரம் சுமார் 550 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தைக் கணக்கிட இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். பூமி உருண்டை என்பதால் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின், அதாவது பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின், பகுதியாக அமைகிறது. அந்த வழியில் போகும் விமானம் வடகிழக்கே கிளம்பி, பெர்கனை அடைவதற்குள் சுமார் 6 டிகிரி கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கும். ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனாலும் இங்கே தூரம் அரை கிலோமீட்டர்கூட அதிகமாகாது. அட்லாண்டிக்கைக் கடக்கும்போதுதான் இந்த வித்தியாசம் பெரிதாகும்.

சரி, நேரம்? மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு டர்போபிராப் விமானத்தை (டர்பைன் இன்ஜின் புரொப்பல்லரைச் சுழற்றும் வகை) எடுத்துக்கொள்வோம். 550 கிலோமீட்டருக்கு 66 நிமிடம். ஆனால் அந்த வேகம் நடுவழியில் மட்டும்தான். வழக்கமான 3 டிகிரி சரிவில் 7 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கவே 130 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். குறுகிய பயணத்தில் ஏற்றமும் இறக்கமும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

அப்புறம் காற்று. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். விமானத்தின் 500 என்பது சுற்றியுள்ள காற்றை வைத்து அளந்த வேகம். தரையை வைத்து அல்ல. தென்மேற்கிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்று வீசினால், பெர்கன் போகும்போது தரைவேகம் 580 ஆகும். 57 நிமிடம் போதும். திரும்பும்போது 420தான், 79 நிமிடம் பிடிக்கும். போகவர மொத்தம் 136 நிமிடம். காற்றே இல்லையென்றால் 132தான். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஆகும் நஷ்டத்தை ஈடுகட்டுவதில்லை, ஏனென்றால் எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. காற்று எவ்வளவு பலமோ, அவ்வளவு நஷ்டம்.

காற்று ஓடுபாதையிலும் கை வைக்கும். இரண்டு ஊர்களிலும் ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு–தெற்காக இருக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும். தெற்கிலிருந்து காற்று வீசினால், வடகிழக்கே போக வேண்டிய விமானம் அபெர்டீனில் தெற்குப் பார்த்துக் கிளம்பித் திரும்ப வேண்டும். பெர்கனில் நிலையத்துக்கு வடக்கே போய், மறுபடி தெற்கு நோக்கி வந்து இறங்க வேண்டும். வடகாற்றாக இருந்தால் இந்தச் சுற்று இரண்டும் மிச்சம்.

கால அட்டவணையில் போடுவது பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அடுத்த ஊரில் போய் நிற்கும்வரை எல்லாமே கணக்கில் வரும். வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பவருக்கு விடை எப்போதும் குறைவாகவே வரும்.

டிக்கெட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நார்வே கடிகாரம் ஸ்காட்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பயணம் 80 நிமிடம் என்றால், அபெர்டீனில் காலை 10 மணிக்குக் கிளம்புபவர் பெர்கன் நேரப்படி 12.20க்குச் சேருவார். பெர்கனில் பகல் 1 மணிக்கு ஏறுபவர் அபெர்டீன் நேரப்படி 1.20க்கே வந்துவிடுவார்.