நிணநீர்க்கணு

காவிரிப் படுகையில் நடவு வயலில் இறங்கியவர்களுக்கு 'நெறி கட்டுதல்' புதிதல்ல. காலில் முள்ளோ நத்தை ஓடோ கிழித்திருக்கும். இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் கட்டி திரண்டு நடக்க விடாது. அந்த நெறிதான் மருத்துவர் எழுதும் நிணநீர்க்கணு; திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழாய்களில் ஓடும் நீரே நிணநீர். கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட யானைக்கால் நோயும் உடலின் நிணநீர் மண்டலத்து நோய்தான்: கொசுக்கடியில் புகும் புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறி ஓட்டத்தைக் கெடுக்கிறது. ஆனாலும் மலக்குடல் புற்றுநோய் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் படித்தவர்கள்கூட விழிக்கிறார்கள்.

'நிணம்' பழைய சொல். சங்கப் பாடல்களில் விருந்துச் சோற்றிலும் போர்க்களத்திலும் வரும். கொழுப்பு என்று பொருள். ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட 'லிம்ஃபா' லத்தீனில் தெளிந்த நீர். டென்மார்க் மருத்துவர் தாமஸ் பார்த்தோலின் 1653இல் அதை இந்தக் குழாய்களுக்குப் பெயராகச் சூட்டினார். அதற்கு முன்பே, 1622இல், இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி, வயிறாரத் தின்றிருந்த நாயை அறுத்தபோது குடலை ஒட்டிப் பால் நிறத்தில் இழைகளைக் கண்டார். உணவின் கொழுப்பைச் சுமந்த நிணநீர் அது. குடலைப் பொறுத்தவரை லத்தீனைவிடத் தமிழ்ப் பெயரே பொருத்தம் என்பேன்.

'கணு' என்பது பொங்கல் கரும்பில் நாம் பார்க்கும் கணுவேதான். முடிச்சு எனப் பொருள்படும் லத்தீன் 'நோடஸ்' என்பதற்கு ஈடு. நிணநீர் முடிச்சு என்றும் எழுதுகிறார்கள்; குறையில்லை. 'நிணநீர்ச் சுரப்பி'யைத்தான் கைவிட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியைப் போல இது எதையும் சுரந்து ஊற்றுவதில்லை. வந்து சேரும் நிணநீரை வடிகட்டி, கிருமியோ புற்றணுவோ இருந்தால் பிடித்து வைக்கிறது.

பிறகென்ன, நெறி என்றே எழுதிவிடலாமே? சிக்கல் இருக்கிறது. தொடை இடுக்குக்கு வருவது ஆசனவாயின் கீழ்ப்பகுதி நிணநீர். மலக்குடலின் நிணநீரோ அதைச் சுற்றியுள்ள கொழுப்பின் வழியே பெரும்பாலும் மேல்நோக்கிப் போகிறது. அங்குள்ள கணுக்கள் பொதுவாக வலிப்பதில்லை, கைக்கும் அகப்படுவதில்லை. "நெறி இருக்கிறதா?" என்று கேட்டால் நோயாளி இடுக்கைத் தடவிப் பார்த்து, நிம்மதியாக "இல்லை" என்பார்.

ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அதிலும் அளவை மட்டும் நம்ப முடியாது: 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கணுவில் புற்று இருக்கலாம், பெரிதாகத் தெரிவது வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். அதனால் விளிம்பு கரடுமுரடாக இருக்கிறதா, உட்புறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா என்றும் பார்க்கிறார்கள். மலக்குடலைச் சுற்றிய கொழுப்பை உறை கிழியாமல் முழுமையாக எடுக்கும் அறுவை முறையை 1982இல் பிரிட்டனின் பில் ஹீல்ட் முன்வைத்ததும், நோயுற்ற கணு உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதை மனத்தில் கொண்டுதான். எடுத்த கொழுப்பை நோயியல் கூடத்தில் வில்லைகளாக அரிந்து, விரல் நுனியால் அழுத்தி அழுத்திக் கணுக்களைத் தேடிப் பொறுக்குகிறார்கள். சில கணுக்கள் உளுந்தளவுகூட இருக்காது. குறைந்தது 12 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல்.

அறிக்கையில் 2/15 என்றிருந்தால், ஆராய்ந்த 15 கணுக்களில் இரண்டில் புற்று என்று படிக்க வேண்டும். புற்றுள்ள கணுக்கள் ஒன்று முதல் மூன்று வரை என்றால் நோய்நிலைக் குறியீடு 'என்1', நான்கும் அதற்கு மேலும் என்றால் 'என்2'. அறுவைக்கு முன் கதிர்வீச்சும் மருந்தும் பெற்றவர்களுக்குக் கணுக்கள் சுருங்கிப்போவதால் மொத்த எண்ணிக்கை 12ஐத் தொடாமல் போகலாம். அதை மட்டும் வைத்து அறுவை மருத்துவர் குறைவைத்துவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.