சிக்கிள் செல்: கல்யாணத்துக்கு முன் ஒரு துளி ரத்தம்

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கினால் கடைசித் தேயிலைத் தோட்டத்தோடு ஜீப் நின்றுவிடும். அதற்கப்புறம் காட்டுவழியில் ஒன்றரை மணி நேர நடை. நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், யானை இறங்கும் தடம் அது. ரத்தப் பரிசோதனைக்காக அந்த இருளர் ஊருக்கு முதலில் போனபோது இருபது வீடுகூட இல்லை. வாசல்களில் சாமை காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான். கண்ணில் லேசான மஞ்சள். மழை பிடித்தாலே இப்படித்தான் என்றார் அவன் அம்மா. வாதம் என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். ஒருமுறை கீழே தூக்கிப் போனபோது, வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களாம். ரத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

அவனுக்கு சிக்கிள் செல் நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அந்த வலி எலும்பை முறிப்பதுபோல் இருக்கும். 120 நாள் இருக்க வேண்டிய அணு 10, 20 நாளில் உடைவதால்தான் சோகையும் மஞ்சளும். குளிர், காய்ச்சல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது எல்லாமே வலியைக் கிளப்பும்.

விளக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி ஒருவர் கேட்டார்: "எங்க ரத்தத்துலயே குத்தமா, டாக்டரம்மா?"

குற்றமே இல்லை பாட்டி என்றேன். இந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் மலேரியா ஆட்டிவைத்தது. வெளியாட்கள் இங்கே வரப் பயந்ததற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோய்க்கான மரபணு வந்தவர்கள் கடும் மலேரியாவில் பிழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அது தங்கிவிட்டது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது.

பாட்டி கொஞ்சநேரம் பேசவில்லை. "என் கூடப் பொறந்தவங்க மூணு பேரு காச்சல்லதான் போனாங்க. நான் இருக்கேன்" என்றார். பிறகு விரலை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது.

இந்த மரபணு ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் நோயாளி இல்லை. அவர் வழக்கம்போல் வாழலாம், கல்யாணம் செய்யலாம். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் சின்ன ஊர்களில் இது அடிக்கடி நேரும். அதனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2023-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

நோய் உள்ள குழந்தைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வருவதை நன்றாகவே குறைக்கும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும். கடும் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கை கால் விழுவது, திடீரென வெளிறி வயிற்றின் இடப்பக்கம் வீங்குவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். "மாப்பிள்ளையையும் வரச் சொல்லு" என்று பாட்டிதான் அவளிடம் சொன்னார். அடுத்த முகாமில் அந்த மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்து ஊரிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து.