உப்புக்கும் சிப்பிக்கும் நடுவே ஒரு மதில்

குரோவேஷியாவின் தென்கோடியில் துப்ரோவ்னிக் நகரம். அங்கிருந்து கடலோரமாகவே வடமேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் மலைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கும் நீண்ட கல்மதில் ஒன்று தெரியும். 14ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. முழுதாக இருந்தபோது ஏறத்தாழ 7 கிலோமீட்டர், இப்போது எஞ்சியிருப்பது ஐந்தரை கிலோமீட்டர் அளவுக்கு. சுற்றுலாக்காரர்கள் இதை ஐரோப்பாவின் சீனப் பெருஞ்சுவர் என்கிறார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த மதில் காக்கும் ஊரைப் பார்த்தால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஸ்டோன் என்ற அந்த நகராட்சியில், சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து, சுமார் 2,400 பேர்தான் வாழ்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய மதில்?

உப்புக்காகத்தான். ஆனால் அந்த உப்பு ஏன் அங்கே விளைந்தது, அதே ஊரின் மறுபக்கக் கடலில் ஏன் சிப்பி விளைகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், ஊரின் வரலாறு முழுக்க அதன் தரைக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையில் எழுதியிருப்பது புரியும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. ஏட்ரியாட்டிக் கடலுக்கு அடியில் இருக்கும் நிலத்தட்டு வடகிழக்கு நோக்கி நகர்ந்து, குரோவேஷியக் கரையை நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கலில் பழைய கடலடிச் சுண்ணாம்புப் படிவுகள் மடிப்பு மடிப்பாக எழும்பி, வடமேற்கு தென்கிழக்காக, ஒன்றுக்கொன்று இணையான மலைவரிசைகள் ஆயின. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மூழ்காத மலைமுகடுகள் தீவுகளாயின, ஒரு முனையில் கரையோடு ஒட்டிக்கொண்டவை தீபகற்பங்களாயின. பெல்யெஷாட்ஸ் அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்று. 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அது பெருநிலத்தோடு சேரும் கழுத்துதான் ஸ்டோன்.

அந்தக் கழுத்தின் அகலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். தெற்கே, நீண்டு ஒடுங்கி வந்து ஆழமில்லாமல் முடியும் ஸ்டோன் கால்வாய். வடக்கே, மாலி ஸ்டோன் விரிகுடா. பொடிநடையாகவே ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றல்ல.

தெற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உப்பளத்துக்கு மூன்று பகைவர்கள்: ஆற்று நீர், மழை, ஒழுகும் தரை. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் மெல்லக் கரையும். அதனால் விரிசல்களும் குகைகளுமாகச் சல்லடை போல ஆகிவிடும். பெய்கிற மழை நேராக உள்ளே இறங்கிவிடுவதால் தரைமேல் ஆறுகள் அபூர்வம். ஆகவே கால்வாய்க் கடல்நீரை நீர்க்கச் செய்யப் பெரிய ஆறு எதுவும் இல்லை. மழையோ பெரும்பாலும் குளிர்காலத்தோடு சரி, கோடை வறண்டு கிடக்கும். மூன்றாவது பகைதான் சிக்கல். சல்லடைப் பாறைமேல் பாத்தி கட்டினால் தண்ணீர் நிற்காது. நல்லவேளையாகக் கால்வாயின் கடைசியில், சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து அடித்து வந்த நுண்ணிய மண் படிந்து, சமமான தாழ்நிலம் ஒன்று உருவாகியிருந்தது. கரடுமுரடான இந்தக் கரையில் அப்படிப்பட்ட நிலம் கிடைப்பதே அரிது.

சரி, பாத்தியில் என்னதான் நடக்கிறது? தண்ணீர் வற்றினால் உப்பு மிஞ்சும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரே பாத்தியில் முழுக்க வற்றவிட்டால் கிடைப்பது வாயில் வைக்க முடியாத கலவை. ஏட்ரியாட்டிக் கடல்நீர் ஒரு லிட்டரில் 38 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில் படியும் என்பதுதான் உப்பளத்தின் ரகசியமே.

1849இல் உசீல்யோ என்ற இத்தாலிய வேதியியலர் மத்தியதரைக் கடல்நீரை எடுத்துப் பொறுமையாக வற்றவைத்து, எது எப்போது படிகிறது என்று அளந்தார். தண்ணீர் பாதியளவுக்குக் குறைந்ததும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, படிந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு வந்ததும் ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கியது. இன்னும் வற்றினால் கசப்பான மெக்னீசியம் உப்புகள். உசீல்யோவுக்கு ஐநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டோன் உப்பளத்தார் இந்த வரிசையைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். பாத்திகளை வரிசையாக அமைத்து, தண்ணீரை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்திக்கொண்டே போவார்கள். முதல் பாத்திகளில் சுண்ணாம்பும் ஜிப்சமும் தங்கிவிடும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். எஞ்சும் கசப்பு நீரைச் சரியான நேரத்தில் வடித்துவிட வேண்டும். தாமதித்தால் உப்பு கசக்கும், அவசரப்பட்டால் விளைச்சல் குறையும்.

வற்றுவதற்கு வெயில் போதும் என்று நினைத்துவிடுவோம். போதாது. உப்பு செறியச் செறிய, தண்ணீர் மூலக்கூறுகள் ஆவியாகித் தப்புவது கடினமாகிறது. நிறைசெறிவு உப்புநீரின் ஆவியழுத்தம் தூய நீருடையதில் நான்கில் மூன்று பங்குதான். இதன் விளைவு சுவையானது: பாத்திமேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு படிவதற்குப் பதிலாகக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். ஆகவே ஈரக்காற்றைத் துடைத்துக்கொண்டு போக வறண்ட காற்று வீச வேண்டும். மலைகளைத் தாண்டி இறங்கும் வடகிழக்குக் காற்றுக்கு அங்கே புரா என்று பெயர். குளிர்காலத்தில் படகுகளைக் கவிழ்க்கும் முரட்டுக் காற்று அது. உப்பளத்தாருக்கு மட்டும் அது வேண்டியவன். கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து சீராக வீசும் மாயிஸ்த்ரலும் கை கொடுக்கும்.

இப்படிப்பட்ட இடத்தைத் துப்ரோவ்னிக் விட்டுவைக்குமா? அப்போது அது வணிகத்தால் வாழ்ந்த சிறிய நகரக் குடியரசு. வெனிஸின் மேலாதிக்கத்தின்கீழ் இருந்தபடியே, 1333இல் செர்பிய அரசர் ஸ்டெஃபான் துஷானிடமும் பொஸ்னியாவின் ஆட்சியாளர் இரண்டாம் ஸ்டெபானிடமும் பேரம் பேசி, பெல்யெஷாட்ஸ் முழுவதையும் பணம் கொடுத்தே வாங்கியது. ஆண்டுதோறும் கப்பம் கட்டவும் ஒத்துக்கொண்டது. படை எடுக்காமல் நிலம் பிடிப்பது அவர்கள் பாணி. அப்புறம் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. கழுத்தின் இரு முனைகளிலும் ஸ்டோன், மாலி ஸ்டோன் என இரண்டு ஊர்களைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். குறுக்கும் நெடுக்கும் நேர்த்தெருக்கள். இரண்டையும் இணைத்து மலைமேல் மதில், காவல் கோபுரங்கள், கோட்டைகள். தீபகற்பத்துக்குள் நிலவழியாக யாரும் நுழைய முடியாதபடி கழுத்தில் தாழ் போட்டாயிற்று.

மலைக்கு அப்பால், பொஸ்னியா, செர்பியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் கடல் கிடையாது. ஆனால் ஆடும் மாடும் ஏராளம். பாலாடைக்கட்டி செய்ய, இறைச்சி பதப்படுத்த, கால்நடைக்கு நக்கக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் உப்பு வேண்டும். வெள்ளியும் மெழுகும் தோலும் சுமந்து கரைக்கு வந்த பொதிக்குதிரைகள் உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பின. நெரேத்வா ஆற்றங்கரையில் ட்ரியேவா போன்ற சந்தைகளில் மட்டும் விற்று, விலையைக் குடியரசு தன் கைக்குள் வைத்துக்கொண்டது. ஊருக்கு மதில் கட்டினார்கள் என்பதைவிட, கருவூலத்துக்கு மதில் கட்டினார்கள் என்பதே சரி.

1808இல் நெப்போலியனின் படை குடியரசையே கலைத்தது. அதன் பிறகு மதிலைக் கவனிப்பார் இல்லை. 1996 செப்டம்பர் 5 அன்று 6 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் ஸ்டோனைக் குலுக்கி, பழைய வீடுகளை நாசமாக்கியது. மலைகளை எழுப்பிய அதே நெருக்கல் இன்னும் ஓயவில்லை என்பதுதான் காரணம். மதிலைச் சீரமைத்து இப்போது மேலே நடக்க விடுகிறார்கள். உப்பளமும் முன்போல வெயிலையும் காற்றையும் நம்பியே நடக்கிறது. கடைசிக் கட்டப் பாத்திகள் ஒன்பது. அவற்றில் எட்டுக்குப் புனிதர்களின் பெயர்கள், ஒன்பதாவதற்கு மட்டும் முண்டோ.

இனி மதிலுக்கு வடக்கே. மாலி ஸ்டோன் விரிகுடாவில் வளர்வது ஐரோப்பியத் தட்டைச் சிப்பி. 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கே சிப்பி வளர்ப்பு நடந்ததற்கு ஆவணம் உண்டு. தெற்கே பகையாக இருந்த நன்னீர் இங்கே உறவு. சிப்பி தன் செவுள்களால் கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்னும். நுண்பாசி பெருக நைட்ரஜனும் பாஸ்பரஸும் சிலிக்காவும் வேண்டும். தெளிந்த ஏட்ரியாட்டிக் நீரில் இவை குறைவு, மண்ணைத் தொட்டு வரும் நன்னீரில் அதிகம். விரிகுடாவுக்கு வெளியே கடலில் சேரும் நெரேத்வா ஆறு கொஞ்சம் கொண்டுவருகிறது. அதோடு, கடலடியிலிருந்தே நன்னீர் குமிழியிட்டு எழும் ஊற்றுகளும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் அவற்றை வ்ரூல்யா என்கிறார்கள். நன்னீர் எடை குறைந்தது என்பதால் மேலெழும்பி மேற்பரப்பில் பரவும். மழைக்குப் பிறகு கடல்முகத்தில் வட்ட வட்டமாகத் தெரியும்.

தட்டைச் சிப்பியின் வாழ்க்கையும் வினோதம்தான். முதலில் ஆணாக முதிரும், பிறகு பெண்ணாகும், மறுபடி ஆணாகும். பெண் நிலையில் முட்டைகளை வெளியே விடாது. ஓட்டுக்குள்ளேயே ஒரு வாரத்துக்கு மேல் அடைகாக்கும். அப்போது குஞ்சுகளுக்கு மணல் போன்ற நுண்ணிய ஓடுகள் வந்துவிடுவதால், கோடையில் அதைத் தின்றால் பல்லில் நறநறக்கும். உணவைச் சேமித்துக் கொழுத்திருப்பது இனப்பெருக்கம் தொடங்குவதற்கு முன், அதாவது வசந்தத்தின் தொடக்கத்தில். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று அங்கே சிப்பி விருந்து நடப்பது தற்செயல் அல்ல. வெளியேறிய குஞ்சுகள் ஓரிரு வாரம் நீந்தி, கடினமான பரப்பு கிடைத்ததும் தன் இடது ஓட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு நகரவே நகராது. வளர்ப்பவர்கள் வலைகளைத் தொங்கவிட்டு அவற்றைப் பிடிக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பிரித்தெடுத்து, சிமென்ட் வைத்துக் கயிற்றில் இணை இணையாக ஒட்டி மறுபடி கடலில் இறக்குகிறார்கள். விற்கும் அளவுக்கு வளர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள், ஓட்டை நொறுக்கும் கடைவாய்ப் பற்கள் கொண்ட ஒராடா மீன்கள் புகுந்து பாதியைத் தின்றுவிட்டுப் போகலாம். கடலிலும் வேளாண்மை வேளாண்மைதான்.

சரி, கடலடி ஊற்றுகளின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. மலைக்கு அப்பால், பொஸ்னியா ஹெர்சகோவினாவில், போபோவோ போல்யே என்ற நீண்ட பள்ளச் சமவெளி இருக்கிறது. அதில் ட்ரெபிஷ்னிட்சா என்ற ஆறு ஓடும். கடலைச் சேராமலே, சமவெளித் தரையில் இருக்கும் விழுங்கு குழிகளில் இறங்கி மறைந்துவிடும். முன்பெல்லாம் குளிர்காலத்தில் குழிகள் விழுங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் வந்து, சமவெளி முழுக்க ஏரியாகி மாதக்கணக்கில் நிற்கும். நீரியலர்கள் குழிகளில் சாயம் கரைத்து ஊற்றினார்கள். பிறகு கரையோர ஊற்றுகளில் நாள்தோறும் மாதிரி எடுத்து, சாயம் எங்கே, எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பார்த்தார்கள். மாலி ஸ்டோன் விரிகுடாவின் ஊற்றுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. மலையின் வயிற்றுக்குள் ஓர் ஆறு, நாட்டெல்லையைப் பற்றிய கவலை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலே மட்டும் எல்லை எப்போதும் தொல்லை. 1699இல், வெனிஸ் தன்னை நெருங்கிவிடக் கூடாது என்பதற்காகத் துப்ரோவ்னிக் தன் எல்லையோரத்தில் நேயும் என்ற துண்டுக் கரையை, அப்போது பொஸ்னியாவை ஆண்ட ஒட்டோமான் துருக்கியரிடம் விட்டது. அது இன்று பொஸ்னியாவின் ஒரே கடற்கரை. அதனால் துப்ரோவ்னிக் பகுதி மற்ற குரோவேஷியாவிலிருந்து தரைவழியில் துண்டிக்கப்பட்டு நின்றது. 2022 ஜூலையில் திறந்த 2.4 கிலோமீட்டர் நீளப் பெல்யெஷாட்ஸ் பாலம் விரிகுடாவின் வாய்ப்பக்கத்தில் கடலைத் தாண்டி, ஸ்டோன் நகராட்சி எல்லைக்குள் வந்து இறங்குகிறது. யாரையும் நுழையவிடாமல் தடுத்த கழுத்து இப்போது நெடுஞ்சாலை வழி.

சிப்பிக்காரர்களின் பார்வை மேலே பாலத்தைவிடக் கீழே தண்ணீரின் மேல்தான். ட்ரெபிஷ்னிட்சாவில் 1960களில் பெரிய அணை கட்டினார்கள். பிறகு போபோவோ போல்யேயில் ஆற்றுப்படுகையை 60 கிலோமீட்டருக்கும் மேலாகக் கான்கிரீட் போட்டு மெழுகி, விழுங்கு குழிகளுக்குப் போக வேண்டிய நீரை மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். சமவெளியில் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஓய்ந்தது, உழவர்களுக்கு நல்லது. ஆனால் குழிகளில் இறங்கும் நீர் குறைந்தால் கரையோர ஊற்றுகளிலும் குறையும். இப்போது இன்னும் மேலே, நெரேத்வாவுக்குப் போகும் நீரையும் ட்ரெபிஷ்னிட்சா பக்கம் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டம் ஹெர்சகோவினாவில் நடந்துவருகிறது. நெரேத்வாக் கழிமுகத்து விவசாயிகளும் விரிகுடாச் சிப்பி வளர்ப்பவர்களும் அதை எதிர்த்துப் பேசிவருகிறார்கள். அணை ஒரு நாட்டில், சிப்பி இன்னொரு நாட்டில். இடையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத குகை ஆறு என்பதால், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற வழக்கை வரைபடத்தை வைத்து மட்டும் தீர்க்க முடிவதில்லை, சாயப் புட்டியும் வேண்டியிருக்கிறது.