ஓரட்டிலுண்ணி: குடல் பாக்டீரியாவுக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர்

நம் குடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களை மருத்துவ நூல்கள் ‘கமென்சல்’ என்று குறிக்கின்றன. தமிழில் எழுதும்போது பலர் இதை ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்று ஆக்கிவிடுகிறார்கள். பேச்சுக்கு அது சரி. அறிவியல் எழுத்துக்கு அது போதாது, சில இடங்களில் தவறாகவும் போய்விடும்.

லத்தீனில் ‘கொம்’ என்றால் கூட, ‘மென்சா’ என்றால் சாப்பாட்டு மேசை. ஒரே மேசையில் உடன் அமர்ந்து உண்பவர்தான் கமென்சல். பிரெஞ்சு அரண்மனையில் அரசர் செலவில் உண்ணும் உரிமை பெற்ற பணியாளர்களுக்கும் இந்தப் பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெல்ஜிய விலங்கியலாளர் பியேர்-ஜோசப் வான் பெனடன் இதை உயிரியலுக்குள் கொண்டுவந்தார். இன்னொரு உயிரின் உணவில் பங்கு பெற்று, அதற்குக் கேடு செய்யாமல் வாழும் விலங்குகளை ஒட்டுண்ணிகளிலிருந்து பிரித்துக் காட்ட அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அங்கிருந்து வந்ததுதான் இன்றைய பாடநூல் வரையறை: ஒன்றுக்கு லாபம், மற்றொன்றுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

குடல் பாக்டீரியா விஷயத்தில் இந்த வரையறையின் பின்பாதி நிற்கவில்லை. பாக்டீரியாவே இல்லாத சூழலில் பிறக்க வைத்து வளர்க்கும் சுண்டெலிகளைப் பாருங்கள். அவற்றின் சிறுகுடலில் உள்ள பேயர் திட்டுகள் (நோயெதிர்ப்பு செல்கள் கூடும் இடங்கள்) சிறுத்தே இருக்கும். குடலுக்குள் சுரக்கும் ஐ.ஜி.ஏ எதிர்ப்பொருள் மிகக் குறைவு. குடல் சுவரில் டி செல்களும் (நோயெதிர்ப்பில் பங்குபெறும் ஒரு வகை வெள்ளணுக்கள்) குறைவு. மரபணுக்களில் எந்தக் குறையும் இல்லை. அவற்றை இயக்கிவிட பாக்டீரியா இல்லை, அவ்வளவுதான். உள்ளே வாழும் உயிர்களால் நமக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

எந்த பாக்டீரியா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் டான் லிட்மன், இவாய்லோ இவானோவ் குழுவினர் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வாங்கிய ஒரே இனச் சுண்டெலிகளை ஒப்பிட்டார்கள். ஒரு நிறுவனத்து எலிகளின் குடலில் டி.எச்.17 என்ற வகை டி செல்கள் நிறைய இருந்தன, மற்றதில் மிகச் சொற்பம். காரணம் ஒரே ஒரு பாக்டீரியா வகை என்று 2009இல் காட்டினார்கள்: சிறுகுடலின் கடைப்பகுதியில் சுவரோடு ஒட்டி வளரும், கண்ணி கண்ணியாகப் பிரிந்த நூல் போன்ற ஒன்று. அதைக் குடலில் சேர்த்தால் டி.எச்.17 செல்கள் பெருகுகின்றன; நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவை அந்த எலிகள் நன்றாகச் சமாளிக்கின்றன.

ஆனால் அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி வந்தது. மூட்டுவாதம் வரும் இயல்புள்ள எலிகளில் இதே பாக்டீரியா நோயைத் தூண்டியது. இதை ‘நன்மை செய்யும்’ பட்டியலில் வைப்பதா, ‘தீமை செய்யும்’ பட்டியலில் வைப்பதா? குணத்தை வைத்துப் பெயர் சூட்டினால் வரும் சிக்கல் இதுதான். எங்கே, எப்படி வாழ்கிறது என்பதை வைத்துச் சூட்டும் பெயரே நிற்கும்.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? ‘உடனுண்ணி’ என்று சொல்லலாம். லத்தீனுக்கு நெருக்கம், எளிதாகப் புரியும். ஆனால் இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்களில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஓரட்டிலுண்ணல். அதைச் செய்யும் உயிர் ஓரட்டிலுண்ணி. அடுதல் என்றால் சமைத்தல், அட்டில் என்றால் சமையற்கூடம். காவிரிப்பூம்பட்டினத்தின் அன்னசாலையைப் பட்டினப்பாலை ‘அறம் நிலைஇய அகன் அட்டில்’ என்கிறது. அந்தப் பழஞ்சொல்லை உயிரியலுக்கு எடுத்து வந்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

மேசையைவிட அட்டில் பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பெருங்குடலில் இருக்கிறது. கீரையிலும் தவிட்டிலும் உள்ள நார்ச்சத்தில் பெரும்பகுதியைச் செரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது; அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே பியூட்டிரேட்தான். அதோடு, அது சில டி செல்களை ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ ஆக மாறத் தூண்டுகிறது என்று 2013இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. உணவையும் உள்ளே வாழும் பாக்டீரியாவையும் எதிரியாக எண்ணி உடல் தாக்காமல் அடக்கி வைப்பவை இந்தச் செல்கள். ஆக, இந்த விருந்தாளிகள் உண்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, சமைத்தும் போடுகிறார்கள்.

அதற்காக ஒரே அட்டிலில் எல்லை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குடல் சுவருக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே சளிப்படலம் இருக்கிறது. பெருங்குடலில் அதன் உள்ளடுக்குக்குள் பாக்டீரியா பெரும்பாலும் நுழைவதில்லை. அதோடு, பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களைக் குடல் செல்கள் சுரந்து இடைவெளியைக் காக்கின்றன. ஐ.ஜி.ஏ பாக்டீரியாவின் மேல் படிந்து அவற்றைச் சுவரை அண்டவிடாமல் வைக்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. தனித்தனி உயிரைச் சொல்லும்போது ஓரட்டிலுண்ணி என்று எழுதலாம். மொத்தக் கூட்டத்தையும் சொல்ல ‘குடல் நுண்ணுயிர்த் தொகுதி’ போதும். ஒட்டுண்ணி, சாறுண்ணி என்று ஏற்கெனவே பழகிய சொற்களின் வரிசையில் ஓரட்டிலுண்ணியும் இயல்பாகவே உட்காரும். முதல்முறை எழுதும்போது பக்கத்தில் ‘கமென்சல்’ என்று ஒருமுறை குறித்துவிட்டால் வாசகருக்குக் குழப்பம் வராது.