கிணற்றில் நீந்தும் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும்போது

தருமபுரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றும் நான், சாகச முகாமுக்காக மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. புறப்படும் முன் "நீச்சல் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டால் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயரும். எனக்கு அச்சம் தருபவை அந்தக் கைகள்தாம். நீச்சல் தெரியாத பிள்ளை கால் நனைத்துக்கொண்டு கரையோரம் நிற்கும். தெரியும் என்று நம்பும் பிள்ளையே ஆழத்தை நோக்கிப் போகும்.

பாலக்கோட்டிலும் அரூரிலும் பிள்ளைகள் நீந்தப் பழகுவது விவசாயக் கிணற்றில். முதுகில் காலிக் கேனைக் கட்டி மாமனோ அண்ணனோ தள்ளிவிடுவார்; சில நாட்களில் கேன் தேவைப்படாது. அந்த நீச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது, அசையாத நீரில் நாலைந்து கை வீச்சில் படியையோ சுவரையோ பிடித்துவிடக்கூடிய நீச்சல். கடலில் பிடிப்பதற்குச் சுவர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், இருபுறமும் அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவே அமைதியாகத் தெரிந்த இடத்தைப் பாதுகாப்பானது என்று எண்ணி இறங்கினான். கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அத்தகைய இடமாகவே இருக்கும். இடுப்பளவு நீரில் நின்றவனை அது இழுத்துச் சென்றது. அவனோ கரையை நோக்கியே எதிர்த்து நீந்திக் களைத்துப்போனான். அவன் கத்தவில்லை, கையசைக்கவுமில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் நீர்மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தது, கைகள் இருபக்கமும் நீரை அழுத்திக்கொண்டிருந்தன. அருகில் நின்ற ஆசிரியர் அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தார். உயிர்காப்பாளர் பலகையுடன் சென்று அவனை மீட்டார். இழுப்பில் சிக்கியவர் முதலில் மிதந்து மூச்சைக் காத்துக்கொள்ள வேண்டும், பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும் என்பதை நான் இப்போது வகுப்பறைத் தரையில் கோடு போட்டு நடக்கவைத்தே கற்பிக்கிறேன்.

கரைக்கு வந்ததும் அவன் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றச் சிலர் முனைந்தனர். அது தவறு, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், அடுத்து மார்பை அழுத்த வேண்டும். அவனுக்கு மூச்சு இருந்தது, இருமல் மட்டும் நிற்கவில்லை. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம் என்பதால் மருத்துவமனையில் இரவுவரை கண்காணித்தார்கள்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். வெகுதொலைவில், தென்கடலில் வீசும் காற்றால் எழுந்த பேரலைகள், உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் கரையை வந்தடையும். கேரளக் கரையில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஆகவே வானிலை அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்தை எடுப்பது போதாது. அந்த எச்சரிக்கையையும் பயணத்துக்கு முந்தைய நாளிலும் அன்று காலையிலும் பார்த்தாக வேண்டும்.

வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வறண்ட வெயிலுக்குப் பழகிய நம் பிள்ளைகள், வியர்வை உலராத கடற்கரைப் புழுக்கத்தில் எளிதில் சோர்ந்துவிடுவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு மாதம் முன்பே நீச்சல்குளம் ஒன்றில், சுவரைத் தொடாமல் பத்து நிமிடம் மிதக்கச் சொல்கிறேன். உயிர்காப்பு ஜாக்கெட்டை அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறேன். காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை. சென்ற ஆண்டு ஒரு தந்தை, "எம்பையன் கெணத்துலயே குதிப்பான் சார், அவனுக்கு எதுக்கு ஜாக்கெட்?" என்று கேட்டார். மறுவாரம் அவரைக் குளத்தருகே உட்காரவைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் மகன் சுவரைத் தேடிக் கை நீட்டியதைக் கண்டதும் எழுந்து வந்து, ஜாக்கெட்டின் வார்களை எப்படி இறுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.