லேசரிலேயே பண்ணிடலாமா டாக்டர்?

கண்புரை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கூட வந்த மகனோ மகளோ கேட்டுவிடுவார்கள்: "லேசர்தானே டாக்டர்?" அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் பேக்கோ. அதில் லேசரே கிடையாது. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் துளை வழியாக ஊசி போன்ற முனையை உள்ளே விட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுகிறோம். 1967-ல் சார்லஸ் கெல்மன் தொடங்கிவைத்த முறை. பல் மருத்துவரிடம் போனபோது அங்கிருந்த பல் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது.

நிஜ லேசரும் இருக்கிறது, ஃபெம்டோ. கீறல் போடும், புரையின் மேலுறையை வட்டமாக வெட்டும், புரையைத் துண்டாக்கும். அப்புறம் அதை உறிஞ்சி எடுக்க பேக்கோ கருவிதான் வரவேண்டும். பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், சாதாரண பேக்கோவைவிட இது கூடுதல் பார்வை எதையும் தந்துவிடவில்லை. செலவு மட்டும் கூடுதல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி வந்தார். "நல்லா முத்தட்டும்" என்று யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்காகக் காத்திருந்தவர். புரை டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. பேரன் பிடிவாதமாக, "தையல் இல்லாத பேக்கோதான் வேணும்" என்றார். அவ்வளவு கெட்டியான புரையை உடைக்க அல்ட்ராசவுண்டை நெடுநேரம் ஓட்டவேண்டும். அதில் கருவிழியின் உட்பக்கச் செல்கள் அடிபடும். போன செல்கள் மறுபடி முளைக்காது. கருவிழி வீங்கிப்போனால் ஆபரேஷன் செய்தும் மங்கல்தான்.

அதனால் அவருக்கு எஸ்.ஐ.சி.எஸ். என்ற சிறுகீறல் ஆபரேஷன் செய்தேன். வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டருக்குச் சரிவாகக் கீறி, புரையை உடைக்காமல் முழுசாக எடுப்பது. கீறல் தானே மூடிக்கொள்வதால் வழக்கமாக இதிலும் தையல் கிடையாது! 'கேம்ப் ஆபரேஷன்' என்று இதை இளக்காரமாகப் பேசுவார்கள். நேபாளத்தில் முற்றிய புரைகளில் பேக்கோவையும் இதையும் ஒப்பிட்டு 2007-ல் வந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதில் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) கொஞ்சம் கூடலாம், கண் சில நாள் கூடுதலாகச் சிவந்திருக்கும். புரை மிதமாக இருந்தால் நானும் பேக்கோவைத்தான் சொல்வேன். எந்த முறையில் அந்த டாக்டரின் கை பழகியிருக்கிறது என்று கேளுங்கள், தப்பே இல்லை.

ஆனால் ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே வைக்கும் லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும். அதைப் பற்றித்தான் யாரும் விரிவாகப் பேசுவதில்லை; "நல்லதா, ஃபாரின் லென்ஸா வையுங்க" என்பதோடு சரி. மதுரையில் ஆரோலேப் 1992-லிருந்து லென்ஸ் தயாரித்து எத்தனையோ நாடுகளுக்கு அனுப்புகிறது. ஊர்ப்பெயரில் ஒன்றும் இல்லை.

விலை அதிகமான மல்டிஃபோக்கல், கிட்டத்தையும் தூரத்தையும் காட்டும். கூடவே இரவில் விளக்குகளைச் சுற்றி வளையமும் தெரியலாம். ராத்திரி லாரி ஓட்டுபவருக்கு நான் வைக்கமாட்டேன். சர்க்கரையால் விழித்திரை பழுதானவருக்கும், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) முற்றியவருக்கும் வேண்டாம் என்பேன். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் கேட்டுப் பாருங்கள்.

ஒரு தையல்காரர் நினைவுக்கு வருகிறார். சின்ன வயதிலிருந்தே மைனஸ் கண்ணாடி. ஆனால் அதைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் பழகியவர். வழக்கம்போல தூரப்பார்வைக்கு மோனோஃபோக்கல் (ஒரே தூரத்துக்கு மட்டும் பொருந்தும் லென்ஸ்) வைத்திருந்தால், "இருந்ததும் போச்சே" என்றிருப்பார். கிட்டப்பார்வைக்குக் கணக்குப் போட்டு வைத்தோம். பஸ் நம்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார், தையலுக்கு வேண்டியதில்லை. அவர் தொழிலைச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுப்பவர்கள், முன்பு எடுத்து நிறுத்தியவர்களும்தான், ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையால் ஆபரேஷனின்போது கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரை தொளதொளவென்று ஆகி நடுவில் வந்து விழலாம். தெரிந்திருந்தால் நாங்கள் தயாராக இருப்போம். மாத்திரைச் சீட்டுகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.